வடக்குத்துக் கிணற்றுக்கு இரண்டு பாட்டில்

பொங்கல் முடிந்த வாரம் நெய்வேலிக்குப் போனேன். தங்கை அங்கே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ஆனால் இந்த முறை போனது, அவள் வீட்டில் வேலை செய்யும் செல்விக்காக. செல்விக்கு ஐந்தாம் மாதம். பக்கத்து முந்திரித் தோப்புக்கு மருந்தடித்த யாரோ, டேங்கை அவள் வீட்டுக் கிணற்றடியில் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து தண்ணீரில் ஒரு வாடை. குழாய்த் தண்ணீர் வராத நாளில் அதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறாள். குடிக்கலாமா என்று என்னிடம் கேட்கும்படி தங்கையிடம் சொல்லியிருந்தாள். ரசாயனங்கள் கருவை என்ன செய்யும் என்று மீன் முட்டைகளில் பார்ப்பதுதான் நான் வேலை செய்யும் ஆய்வகத்தின் வேலை.

சென்னையிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறி, நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கியபோது பதினொன்றரை. முதுகுவலிக்காரர்கள் பின்சீட்டைத் தவிர்க்கவும். அங்கிருந்து செல்வியின் ஊரான வடக்குத்துக்கு ஆட்டோ. ஓட்டுநர் என் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்தார்.

"பெட்டியில மீனா, அக்கா?"

"இல்லைங்க, மீனுக்குத் தண்ணி. எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

"மெட்ராஸ்ல மீனுக்குக்கூட தண்ணி இல்லியா?"

முன்பே அனுப்பியிருந்த கண்ணாடி பாட்டிலைச் செல்வி நிரப்பித் தயாராக வைத்திருந்தாள். திறந்து முகர்ந்தேன். வாடையே இல்லை.

"இது கிணத்துத் தண்ணியா செல்வி?"

"இல்லக்கா, உங்க தங்கச்சி வூட்டுல புடிச்சிகினு வந்தேன். வூடு தேடி வர்றவங்களுக்கு அந்த நாத்தத்தப் போயி எப்படிக் குடுக்கறது?"

அவள் மாமியார் அஞ்சலை சிரித்துவிட்டார். "மீனுக்குத்தாண்டி கேக்குறாங்க."

"மீனுன்னா மட்டும்?" என்றாள் செல்வி.

நல்லவேளை, பையில் இன்னொரு பாட்டில் இருந்தது. கிணற்றில் வாளி இறக்கி நிரப்பினோம். அவள் கொண்டுவந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் அதையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும், விரல் நீளம்கூட இல்லாத வரிமீன் (ஸீப்ரா ஃபிஷ்), விடிந்து வெளிச்சம் வந்ததும் முட்டையிடும் என்றேன். "அதுவும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டா?" என்றாள். முட்டை கண்ணாடி மாதிரி. மறுநாளே உள்ளே இதயம் துடிப்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியும் என்றதும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

சென்னை திரும்பி, இரண்டு தண்ணீரிலும் மீன் முட்டைகளைப் போட்டு நான்கு நாள் பார்த்தோம். செல்வி கொண்டுவந்த குழாய்த் தண்ணீரில் குஞ்சுகள் நேராக இருந்தன. கிணற்றுத் தண்ணீரில் பலவற்றுக்கு முதுகு வளைந்து, இதயத்தைச் சுற்றி வீங்கியிருந்தது. அன்றே போன் செய்து, பார்த்ததைச் சொன்னேன்.

"அந்தக் கிணறு வேண்டாம் செல்வி. காய்ச்சினாலும் வேண்டாம். அதுல தண்ணி எடுக்கிற மத்தவங்ககிட்டயும் சொல்லிடு."

"இதுவரைக்கும் குடிச்சது என்னா பண்ணும்க்கா?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. "அதை மீனை வச்சுச் சொல்ல முடியாதும்மா. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி ஸ்கேன் எடு."

இந்த மாதிரி காரியத்துக்குப் போகிறவர்களுக்கு: எந்தத் தண்ணீர், எதற்கு என்று முன்பே விளக்கிச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. பாட்டிலைக் குளிர்ச்சியாகக் கொண்டுவர ஐஸ், ஊர் மீன்கடையிலேயே கிடைக்கும். பாட்டில் இரண்டாகவே கொண்டுபோங்கள். விருந்தாளிக்கென்று ஒன்று நிரம்பிவிடும்.

போன வாரம் செல்வி அழைத்தாள். ஸ்கேன் அறையில் முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்றில்லையாம்.

"முதுவு நேரா இருக்குதான்னு கேட்டேங்கா. நேராத்தான் இருக்குதாம்."