என் அளவில் ஒரு டஜன்

வளையல் விற்கிறவளுக்கு முகம் பார்க்க வேண்டாம், கையைப் பிடித்தால் போதும், வயசு தெரிந்துவிடும். இளங்கை வழுக்கிக்கொண்டு போகும்; நாற்பதைத் தொட்ட கை சோப்பு கேட்கும். விருத்தாசலத்தில் கடை வைத்துக்கொண்டு, கூப்பிட்ட வீட்டு வளைகாப்புக்கெல்லாம் போய்வந்த காலத்தில் எனக்கும் நாற்பது. பிள்ளை இல்லை. "வூட்ல விசேஷம் ஏதும் உண்டா?" என்று யாராவது கேட்டதும் சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பிக்கிற ஆள் நீங்கள் என்றால், வாங்க, நாம ஒரே கட்சி.

பெண்ணாடத்துப் பொண்ணு

பத்தொன்பது வயசு. சோப்பே இல்லாமல் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. புகுந்த வீடு கரும்பு போடுகிற வசதியான வீடு, தட்டுத் தட்டாகப் பலகாரம். அவளோ தெருவில் போன காலேஜ் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வருஷப் படிப்பின் நடுவில் கல்யாணம் முடித்துவிட்டார்களாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் எதற்கு ஏங்கிச் சாகிறேன், இவள் எதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று. கடைசி வளையல் ஏறும்போது காதோரம் கேட்டாள்: "அக்கா, புள்ளய மாமியார்கிட்ட வுட்டுட்டு மறுபடி காலேஜுக்குப் போவ வுடுவாங்களா?"

ஆள் மாறாட்டம்

செராமிக் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற ஒரு அம்மா வீட்டு விசேஷம். பாயில் பட்டுப்புடவையோடு இரண்டு பேர், ஒருத்தி இளசு. நான் நேராகப் போய் இளசின் கையைப் பிடித்து வளையலை ஏற்றிவிட்டேன். "எனக்கில்லைங்க, எங்கம்மாவுக்கு" என்று அவள் கையை இழுக்க, கூடமே சிரித்தது.

இரண்டாவது பிள்ளைக்கு வளைகாப்பு வழக்கமில்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்துத் தங்கச்சி வருதேன்னு மகள்தான் பிடிவாதமாக ஏற்பாடு செய்திருக்கிறாள். தம்பியாக இருக்கலாமே என்றால் கேட்கவில்லை. அம்மா கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "இவ பொறந்தப்ப எனக்குப் பதினெட்டு வயசுங்க. இவ அழுதா நானும் கூட ஒக்காந்து அழுவேன். இந்தப் புள்ளயயாவது ஆசை தீரக் கொஞ்சணும்."

கருவேப்பிலங்குறிச்சி டீச்சர்

நாற்பத்திரண்டு வயசில் முதல் பிள்ளை. கண் பட்டுவிடும் என்று நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். வளையல் விரல் முட்டியிலேயே நின்றது. பிளாஸ்டிக் போடலாமா என்றேன். கண்ணாடிதான் வேண்டும், உள்ளே இருக்கிறதுக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்றார். சோப்பு போட்டு உருட்டி உருட்டி ஏற்றினேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்குப் போட்டு முடித்ததும், பிள்ளைக்குக் காத்திருக்கிற பெண்களை உட்காரவைத்து வளையல் போடுவது வழக்கம், அடுத்து அவர்களுக்கு ஆகட்டும் என்று. அவர்களுக்கும் நான்தான் போடுவேன். எந்த வீட்டிலும் வளையல்காரியை யாரும் உட்காரச் சொன்னதில்லை. சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுவேன்.

அன்றைக்கும் மூடப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்தார். உட்காரச் சொல்லி, பெட்டியிலிருந்து பெரிய அளவாகப் பார்த்துப் பச்சை வளையல் எடுத்தார். நான் கையை மூடிக்கொண்டேன். "வேணாங்க டீச்சர், எனக்கு வயசாயிப்போச்சு" என்றேன். அவர் சோப்பை என் கையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குந்தாங்க. கைய இறுக்காதீங்க."

அடுத்த முறை சரக்கு எடுக்கப் போனபோது, என் அளவில் ஒரு டஜன் பச்சை வளையல் தனியாகக் கட்டி வாங்கி வந்தேன், எதுக்கும் இருக்கட்டும் என்று.