மிட்டாய் ஜாடியில் ஒரு சண்டை மீன்

எங்கள் குழந்தை காய்ச்சலில் போனபோது என் மனைவி அழவில்லை.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. அங்கே ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் பெற்றவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? முதலில் பாவம் என்றார்கள். பிறகு கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கடைசியில், அழுகை உள்ளேயே தங்கிவிட்டால் புத்தி பேதலித்துப்போகும் என்று என்னிடமே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். பின்கட்டில் இருந்த அம்மாள், "கன்னத்துல ரெண்டு வுட்டாவது அய வையி நைனா" என்றாள். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கும் அதே பயம்தான். என் மனைவி பேச்சையும் விட்டிருந்தாள். சோறு வடிப்பாள், தட்டில் போடுவாள், போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் எப்படியாவது அழுது தீர்த்தால் போதும் என்பதைத் தவிர அந்த நாட்களில் நான் வேறெதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

நான் ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்தம் வருவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம். வேலை முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே கப்பலில் கரி அள்ளிப் போடுகிற ஒருவன் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பான். ராயபுரத்துக்காரன்தான். பினாங்குக் கப்பல் வந்தால் பீங்கான் கிண்ணம், வாசனைச் சோப்பு என்று ஏதாவது கொண்டுவந்து விற்பான். அந்தத் தடவை சாக்கின்மேல் வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு மீன்.

"சயாம் தேசத்து சண்ட மீனு மாமு. ரெண்டு கடுவன ஒண்ணா வுட்டேன்னு வையி, ஒண்ணுதான் மிஞ்சும். அங்க இத்த வச்சி பந்தயமே கட்டுறாங்கோ" என்றான்.

எனக்குச் சண்டை பார்க்க ஆசையில்லை. அறையில் உயிருள்ள ஒன்று அசைந்துகொண்டிருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நாய்க்கு இடமில்லை. கிளி வாங்கினால் மழலையில் பேசித் தொலைக்கும், அதை எங்களால் தாங்க முடியாது. மீன் பேசாது.

ஒரு சிவப்பு மீனை முதலில் நீட்டினான். நல்ல நிறம், நீளமான வால். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு அடியில் கிடந்தது. செவுளுக்குப் பக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ இருந்தது. "தூங்குது மாமு" என்றான். சாகக் கிடப்பதைத் தூங்குகிறது என்று சொல்கிறவர்களை அந்த மாதம் நான் நிறையப் பார்த்துவிட்டேன். யாருக்குக் காது குத்துகிறாய் என்று புட்டியைத் திருப்பி வைத்தேன். அடுத்ததற்கு வயிறு ஒரு பக்கமாக வீங்கி, செதில்கள் தூக்கிக்கொண்டிருந்தன. இன்னொன்று ஓயாமல் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஓரத்தில் கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஒன்று இருந்தது. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவனே ஒதுக்கி வைத்திருந்தான். புட்டிமேல் விரலை வைத்தேன். விரல் போன பக்கமெல்லாம் வந்தது. கண்ணாடிச் சில்லைக் காட்டினான். செவுளை விரித்து, துடுப்பையெல்லாம் விறைத்துக்கொண்டு தன் நிழலையே முட்டியது. துடுப்பில் கிழிசல் இல்லை. கண் தெளிவாக இருந்தது. கொசுப்புழு ஒன்றை விட்டான், லபக்கென்று விழுங்கியது. இதுதான் என்றேன்.

"புட்டிலயே வச்சிக்காத, செத்துப்பூடும். அகலமா எடம் குடு. ரொம்பவும் ரொப்பாத, இது தண்ணிக்கு மேல வந்து மூச்சு வுடும். மேல துணி கட்டு, இல்லாங்காட்டி எகிறி வெளிய வந்துடும்" என்றான். விற்கிறவரைக்கும் பொய் சொன்னவன், விற்றபிறகு உண்மையெல்லாம் சொன்னான்.

எங்கள் தெருமுனையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் மளிகைக்கடை. பெப்பர்மின்ட் தீர்ந்துபோன ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை அவரிடம் கேட்டேன். "மீனுக்கா? மீனுக்குப் போயி ஜாடி கேக்க ஒரே ஆளு நீருதான்வே" என்று சிரித்தார். பிறகு என் வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு ஜாடியைத் துடைத்துக் கொடுத்தார். சோப்புப் போடாமல், புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, வாசனை போகும்வரை வெயிலில் கவிழ்த்து வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குழாய்த் தண்ணீரில் சில நாள் மருந்து வாடை அடிக்கும். அதனால் குழாய்த் தண்ணீரை அண்டாவில் பிடித்து ஆறவிட்டு ஊற்றினேன். திருவொற்றியூர்க் குளத்திலிருந்து கொஞ்சம் வேலம்பாசி கொண்டுவந்து போட்டேன். அடுப்புப் புகை படாமல், வெயில் நேராக விழாமல், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி மரப்பெட்டிமேல் வைத்தேன். ஜாடியின் வாயில் என் பழைய வேட்டித் துண்டைக் கட்டினேன். குழந்தை உயிரோடிருந்தபோது அந்தப் பெட்டிமேல்தான் ஏறி நின்று தெருவைப் பார்ப்பாள். அறையில் வேறு இடம் இல்லை.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

சில நாள் கழித்து, கரியும் வியர்வையுமாக வேலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தா, அந்தப் பாசிய பாதி எட்த்துடு. மேல மூடிக்கினு கீது. மூச்சு வுட எடமில்லாம அது தவிக்குது."

முகத்தைத் துடைப்பதுபோல் துண்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். குழந்தை போனபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போய்ப் பாதிப் பாசியை எடுத்தேன்.

அதன்பிறகு மீன் அவள் பொறுப்பாயிற்று. முற்றத்துத் தொட்டியிலிருந்து கொசுப்புழுவைத் துணியில் வடித்து எடுத்துவருவாள். அடியில் சேரும் அழுக்கைத் துணித்திரியில் உறிஞ்சி எடுப்பாள். பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுவாள், முழுவதும் மாற்றினால் அது சுருண்டுபோகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். அதனிடம் பேசுவாள். என்னிடமும் இரண்டொரு வார்த்தை. ஒருநாள் வேடிக்கைக்காக நான் சவரக் கண்ணாடியை ஜாடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். மீன் விறைத்துக்கொண்டு பாய்ந்தது. அவள் கண்ணாடியைப் பிடுங்கிப் பாய்க்கடியில் செருகினாள்.

"அது தனியா கீது. தனியாவே இருக்கட்டும். கூட ஒண்ணு கீதுன்னு ஏன் அத்த ஏமாத்துற?"

மழைக்காலத்தில் ஒரு காலை, தண்ணீர்மேல் ஓர் ஓரமாகச் சின்னச் சின்ன நுரைக்குமிழிகள் ஒட்டியிருந்தன. மீனுக்கு நோய் வந்துவிட்டது என்று அவள் பதறினாள். நான் கேட்டில் போய்க் கப்பல்காரனைக் கேட்டுவந்தேன். நோயில்லை, ஆண்மீன் வாயால் குமிழி விட்டுக் கூடு கட்டுகிறது, முட்டைகளை அதில் வைத்து அதுதான் காவல் காக்கும் என்றான். வந்து சொன்னேன்.

"அப்ப குஞ்சு வருமா?"

"பொட்ட மீன் இல்லையே. எப்படி வரும்?"

"பின்ன எதுக்குக் கட்டுது?"

அன்று முழுவதும் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அழவில்லை. அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். பேச்சு வந்ததே போதும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் குழந்தையைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது, அது மூடியே கிடந்தது.

மழை ஓய்ந்த சமயத்தில், முன்கட்டில் இருந்த பெரியவர் விடிகாலையில் இறந்துபோனார். மில்லில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டவர். அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆள் வேண்டும் என்று என் மனைவியை அழைத்துப்போனார்கள். ஆண்கள் எல்லோரும் பாடையோடு காசிமேட்டுச் சுடுகாட்டுக்குப் போனோம்.

சாவு விழுந்த வீட்டில் பிணம் படி தாண்டியதும், பிடித்துவைத்த தண்ணீரை ஒரு சொட்டு மீதி வைக்காமல் கொட்டிவிட வேண்டும். குடம், தவலை, சொம்பு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வீட்டைக் கழுவ வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருக்கிற எல்லாக் குடித்தனத்துக்கும் தீட்டுத்தான். பின்கட்டு அம்மாள் சுறுசுறுப்பானவள். துக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களை எழுப்பவேண்டாம் என்று அவளே ஒவ்வோர் அறையாகப் போய்க் கொட்டியிருக்கிறாள். எங்கள் அறையிலும் அண்டாவைக் கொட்டியிருக்கிறாள். பெட்டிமேல் வாயில் துணி கட்டிய ஜாடி. எங்கள் வீடுகளில் வாயில் துணி கட்டி வைத்தால் அது குடிதண்ணீர். அவசரத்தில், பாசிக்குள் இருந்த கறுத்த மீன் அவள் கண்ணில் படவில்லை. கையோடு அதையும் முற்றத்துச் சாக்கடையில் ஊற்றி, ஜாடியைக் குடங்களின் வரிசையில் கவிழ்த்துவிட்டாள். அவள்மேல் குற்றம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

நாங்கள் முழுக்குப் போட்டுவிட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோதே அழுகைச் சத்தம் கேட்டது. எதிரே வந்த ஒருத்தி என்னை நிறுத்தி, "உம் பொஞ்சாதி அய்வுறா நைனா. நல்லா அய்வட்டும், தடுக்காத" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டுக்குள் போகிறோம் என்பதையே மறந்து வேகமாக நடந்தேன்.

அவள் சாக்கடை ஓரத்தில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் சேறு. உள்ளங்கையில் மீன் இருந்தது, அதன்மேல் எறும்பு ஏறியிருந்தது. பெரியவருக்காக அழுகிறாள் என்று நினைத்து மற்றப் பெண்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதார்கள். அவள் வாயில் வந்த வார்த்தைகளை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"தண்ணி தண்ணின்னு கேட்டாளே. நாக்க நனைக்கக்கூட குடுக்க வேணாம்னாங்களே. என் கையப் புடிச்சிக்கினு கேட்டாளே."

காய்ச்சலில் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கொடுக்காமல்தான் எங்கள் குழந்தை போனாள்.

தொண்டை கட்டிக் குரல் எழும்பாமல் போகிறவரைக்கும் அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினாள். வீடு முழுக்கப் பார்த்தேன். எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினேன், அதில் காற்றுதான் வந்தது. எதிர்வீட்டில் போய்க் கேட்டேன். தீட்டு வீட்டுச் சொம்பில் படாமல் உயர்த்திப் பிடித்து ஊற்றினார்கள். பாதி கீழே சிந்தியது.

அவள் சொம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். மறு மடக்குக் குடிக்காமல் சொம்புக்குள் பார்த்தாள்.

"இவ்ளோதானே கேட்டா" என்றாள்.