ஏரியலில் சுற்றிய ஃபாயில்

மகன் சப்பாத்திப் பார்சலைப் பிரித்துவிட்டு ஃபாயிலைக் கசக்கிக் குப்பையில் போட்டான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு எறிய மட்டும்தான் தெரியும். எடுத்துக் கழுவி, சமையல் மேடையில் வைத்து நீவினேன். அந்தச் சரசரப்பில் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள்.

என் சின்ன வயதில், ஓசூரில் அப்பாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் அன்று ஃபாயிலில்தான் சாப்பாடு தருவார்கள். அம்மா ஒன்றையும் எறியமாட்டாள். கழுவிக் காயவைத்து, பாய்க்கு அடியில் வைத்துச் சுருக்கம் எடுப்பாள். எலுமிச்சைச் சோற்று வாசனை மட்டும் போகாது.

எங்கள் டிவியில் பெங்களூர் ஒளிபரப்புதான் தெரியும். சென்னை வைத்தால் வெறும் புள்ளி புள்ளியாக ஓடும். கல்லாவியிலிருந்து வாழ வந்த அம்மாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை புரியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம் பார்க்கவேண்டும் என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். மாடியில் இருக்கும் டிவி ஏரியல் கம்பத்தில் ஃபாயில் சுற்றினால் சென்னை வரும் என்று எவனோ சொல்ல, அப்பா அவள் சேர்த்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு மாடி ஏறினார்.

"தெரியுதா?"

"இல்லீங்க! கன்னடந்தான் இன்னும் பளிச்சுனு தெரியுது!"

அப்பா திட்டிக்கொண்டே கம்பத்தைத் திருப்பினார். டிவியில் ஒரு மாமியார் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்தினாள். பக்கத்து வீட்டு கௌரம்மா அக்கா வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"இப்ப தெரியுதாடி?"

"ஐயோ, திருப்பாதீங்க! அந்தப் பொண்ணு கதி என்னாவுதுன்னு பாக்கணும். படம் முடியற வரைக்கும் அப்படியே புடிச்சிட்டு நில்லுங்க!"

மாடியிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. ஆனால் அப்பா கம்பத்தை விடவில்லை.