அபூசாலியின் மலைச்சாறு

அபூசாலி போத்தலைக் காதோடு அணைத்துக் கண்ணை மூடுகிறார். கல்முனைச் சந்தையில் சுற்றி நிற்பவர்களுக்கு நாக்கு வறள்கிறது. அவருக்கு அவசரமே இல்லை. உள்ளே சத்தமில்லை என்று தெரிந்த பிறகுதான் தக்கையைக் கழற்றுவார். "கதைக்கல்ல. குடிங்க."

புளித்து நுரைக்கத் தொடங்கினால் சாறு 'கதைக்குது' என்பார். அப்படிக் கதைத்த சாறு அவர் வீட்டு முற்றத்துத் தென்னையின் அடிக்குப் போகும். அந்த மரம் ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்திருப்பதற்குத் தெருவில் எல்லோரும் சொல்லும் காரணம் அதுதான்.

சாற்றுக்கான திராட்சை பண்டாரவளை மலையில் விளைகிறது. அங்கே தோட்டக்காரர் புண்ணியமூர்த்தி அதைப் பிழிந்து, பீப்பாயில் ஊற்றி வைன் போடுகிறார். பீப்பாய்க்குப் போகுமுன் தன் பங்கை வாங்கிக்கொண்டு அபூசாலி மரக்கறி லொறியில் ஏறிவிடுவார். "அவரு எப்ப பொங்கும் எண்டு காத்திருக்காரு. நான் பொங்கிரும் எண்டு ஓடி வாறன்." மலைக்குளிரில் சாறு நல்ல பிள்ளையாகத் தூங்கும். வழியில் மொனராகலை வெயில் பட்டதும் விழிக்கப் பார்க்கும். ஆகவே சாரதியை எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் இறங்க விடமாட்டார்.

போன மாதம் மகள் றாஹிலாவுக்குக் கலியாணம். சவூதியிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை, டின்னில் அடைத்த சாறெல்லாம் குடித்து அலுத்தவர். மாமாவின் மலைச்சாறுதான் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார். அபூசாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சாறு ஏற்றிய லொறி பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர்வலமும் அப்போது வரவேண்டியதுதான். ஆனால் மாப்பிள்ளையை எடுப்பாக அழைத்துவரக் களிகம்பு ஆட்டக்காரரைப் பிடித்தவரும் அபூசாலியே. அவர்கள் சந்திக்குச் சந்தி நின்று கம்படித்து ஆடினார்கள். மாப்பிள்ளை முற்றத்துப் பந்தலுக்குள் நுழையப் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிட்டது.

முதல் போத்தலின் தக்கை தானாகவே பறந்து பந்தல் கூரையில் மோதியது. அபூசாலி அடுத்த போத்தலைக் காதில் வைத்தார்.

"என்ன சொல்லுது?" என்றாள் மனைவி சுஹறா.

"எல்லாம் ஒண்டாக் கதைக்குது புள்ள."

மாப்பிள்ளையின் வாப்பா அபுல் ஹஸன் எட்டிப் பார்த்தார். "சோடா போட்டிருக்கீங்களா? நல்லா நுரைக்குதே. தாங்க."

இத்தனை பேர் முன்னால் அபூசாலியின் மானம் போகப்போகிறது. "இல்ல சம்மந்தி. இது புளிச்சிட்டு. குடிக்கப்படாது, ஹறாம்," என்றார். எல்லோரும் பார்த்திருக்க, போத்தல் போத்தலாகத் தென்னைக்கு ஊற்றினார்.

பிறகு அபுல் ஹஸன், "அப்ப இண்டைக்குக் கலியாணம் இந்த மரத்துக்குத்தான்," என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

சுஹறா அவசர அவசரமாகத் தேசிக்காய் பிழிந்து சீனி கரைத்தாள். முதல் கிளாசை அபூசாலியே எடுத்து வந்தார். மாப்பிள்ளை கையை நீட்டினார். அபூசாலி கிளாசைக் கொடுக்கவில்லை; காதருகே பிடித்துக் கண்ணை மூடினார்.