சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க

ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரிடம் சமுத்திரம் முதலில் சாவியைக் கேட்க மாட்டார். "சத்தம் எப்படி வருது? வாயால போட்டுக் காட்டுங்க" என்பார். இராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம் பட்டறை வைத்திருந்த காலம் முழுக்க இந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. மாந்தோப்புக் குத்தகைக்காரர்கள் 'கொர்ர்ர்' என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை முதலாளி ஒருவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு 'கீஈஈ' என்றார். பிளவக்கல் அணைப் பக்கம் வேலையாக வந்த அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூக்கால் முனகினார். எதிர் டீக்கடை பெஞ்சில் எப்போதும் இடமில்லாததற்கு டீ மட்டும் காரணமில்லை.

சமுத்திரம் சிரிக்க மாட்டார். வந்தவரின் முகத்தையே உற்றுப் பார்ப்பார். உதடு குவிந்தால் பேரிங். பல் தெரிந்தால் கியரின் பல். கன்னம் ஆடினால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. பிறகு, "நியூட்ரல்ல உண்டா? கிளட்சை மிதிச்சா நிக்குதா? டாப் கியர்ல குறையுதா?" என்று கேட்பார். எல்லாமே தலையாட்டினால் போதும் என்கிற கேள்விகள்.

ஊர் அதை அவருடைய தொழில் நுட்பம் என்றது. உண்மையில் அவருக்குக் காது கேட்காது. அது மனைவி பாலம்மாளுக்கு மட்டும் தெரியும்.

பஞ்சாலையில் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே இளமையைக் கழித்தவர் அவர். அந்த இரைச்சலில் எல்லோருமே வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் காது போய்க்கொண்டிருப்பது அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஆலையை விட்டு மச்சானின் ஜீப் பட்டறையில் தொழில் பழகி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் தனிக்கடை போட்டார். "செவிட்டு மெக்கானிக்கிட்ட எவன் வண்டியை விடுவான்?" என்று பாலம்மாளிடம் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். அவளே விடமாட்டாள் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

அவர் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தால் அவள் கத்தித்தான் ஆகவேண்டும்; அப்போதுதான் கொஞ்சமாவது எட்டும். உப்பு போதுமா என்பதைக்கூடத் தெருக்கோடி வரை கேட்டாள். தெரு அவளை வாய்க்காரி என்று முடிவு கட்டியது. "அந்த மனுசன் பூனை. இவளைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் காலம் தள்ளுதாரோ" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பாலம்மாளுக்கு நல்ல காது. எல்லாம் விழுந்தது.

எண்பத்தொன்பது வைகாசியில் தளவாய்புரத்துக் கருத்தப்பாண்டி ஜீப்போடு வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அவர் ஒரு பட்டறையை நல்லது என்றால் சுற்றுவட்டார ஜீப்பெல்லாம் அங்கே போகும், ஆகாது என்றால் ஒன்றும் போகாது. இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, சத்தத்தை வாயால போட்டுக் காட்டுங்க."

"என்னது?"

"எப்படி வருதுன்னு..."

"ஏலே, நான் கத்துனா கம்பெனியே அட்டென்சன்ல நிக்கும். இங்க வந்து கன்னுக்குட்டி மாதிரி கத்தணுமாக்கும்? வண்டி ஓடுதுல்லா? நீயே கேட்டுச் சொல்லு."

டீக்கடை பெஞ்சு இந்தப் பக்கம் திரும்பியது. சமுத்திரம் கியர் கம்பியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். டீசல் இன்ஜின் வண்டி முழுவதையும் உலுக்கியது. கைக்கு ஒன்றும் பிரிந்து தெரியவில்லை.

"என்னப்பா, கேக்குதா இல்லியா?" என்றார் சுபேதார்.

சாப்பாட்டோடு வந்த பாலம்மாள் தூக்குச்சட்டியை இறக்கி வைத்தாள். ஜீப்புக்கு முன்னால் புருசனின் கண்ணுக்கு நேராக நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஙொய்ய்ய்ங்ங்" என்றாள்.

பெஞ்சில் ஒருவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"கிளட்சை மிதிங்க" என்றாள் சுபேதாரிடம். தினமும் கேட்டுப் பழகிய கேள்வி. கட்டளைக்குப் பழகிய கால் மிதித்தது. அவள் வாயை மூடினாள். கால் எடுத்ததும் மறுபடி, "ஙொய்ய்ய்ங்ங்."

உதடு நன்றாகக் குவிந்திருந்தது. "முன் பேரிங். இன்ஜினை நிறுத்துங்க" என்றார் சமுத்திரம். அடியில் படுத்து கியர்பாக்ஸின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றி விரலை விட்டார். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது. பின்னாலேயே ஒட்டியிருக்கும், நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தருகிற ஃபோர்வீல் பெட்டியின் திருகைத் தளர்த்தினார். எண்ணெய் குபுகுபுவென்று தரையில் கொட்டியது.

"நடுவுல எண்ணெயை மறிக்கிற சீல் போயிருச்சுய்யா. இந்த வீட்டு எண்ணெய் அம்புட்டும் அடுத்த வீட்டுக்குக் குடிபோயிருச்சு. பேரிங் பட்டினி கிடந்து தேஞ்சிருக்கு."

சுபேதார் எண்ணெயைப் பார்க்கவில்லை. சமுத்திரத்தின் காதைப் பார்த்தார். பிறகு பாலம்மாளைப் பார்த்தார். "சரி, மாத்திரு" என்றார். அதற்குப் பிறகு தளவாய்புரம், சேத்தூர் ஜீப்பெல்லாம் இங்கேதான் வந்தன.

மறுநாள் முதல் தெருவில் பாலம்மாளின் பெயர் கியர்பாக்ஸ். சமுத்திரத்துக்கு அது யார் வாயசைவிலோ தெரிந்துபோயிற்று.

"ஏட்டி, பட்டறையை மூடுற அன்னைக்கு நானே தெருவுல நின்னு சொல்லிருதேன்."

"என்னன்னு?"

"எனக்குக் காது கேக்காது, அதுக்குத்தான் இவ கத்துதான்னு. உன் வாய் பெருசில்லன்னு."

"சொல்லுவீகளா?"

"வாக்குன்னா வாக்குதான்."

அதன் பிறகும் ஜீப்புகள் வந்தன. அவர் பட்டறையை மூடவில்லை. தொண்ணூற்றாறில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோதும் கதவு திறந்துதான் கிடந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களைப் பாலம்மாள் மெதுவாக வரவேற்றாள். உரக்கச் சொல்லவேண்டிய ஆள் அந்த வீட்டில் இனி இல்லை.

"பாவம், குரலே செத்துப்போச்சு. எம்புட்டுப் பேசுவா!" என்றாள் குழாயடிப் பெண் ஒருத்தி.

பக்கத்தில் நின்ற சுபேதார் அதைக் கேட்டார். பாலம்மாளின் அருகே வந்து குனிந்தார். "இவுகளுக்கு நான் சொல்லிரட்டுமா தாயி?"

அவள் தலையை அசைத்தாள். "வேண்டாம்யா. அவிய சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருக்காவ. அவியதான் சொல்லணும்."