பெரியம்மாவின் வெள்ளை வட்டம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், வட்டம் கீறுகிற வேலை என்று சொல்லிவிடுவேன். பாதி உண்மைதான். மார்பகப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய மரபணு மாற்றங்களை ஆராய்வது என் தொழில். அதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரைபடம் வேண்டும். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம். நோய் வந்தவரைக் கறுப்பால் நிரப்ப வேண்டும், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒரு மாற்றம் கறுப்பு வட்டங்களோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தால் அது ஆபத்தானது என்று தைரியமாகச் சொல்லலாம். வட்டங்கள் வெள்ளையாக இருந்தால் எதையும் சொல்ல முடியாது.

டேனிஷ் குடும்பங்களுக்கு இந்த வரைபடம் போடுவது சுலபம். பதிவேடுகளைத் திறந்தால் இறந்த தேதியும் காரணமும் கிடைத்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் வாயால் சொல்வதுதான் பதிவேடு. அதனால் எங்கள் ஆட்களின் இரத்தத்தில் கண்ட மாற்றங்கள் பல, அர்த்தம் தெரியாதவை என்ற பட்டியலிலேயே வருடக்கணக்கில் கிடந்தன. அந்தப் பட்டியலைக் குறைக்காமல் ஓய்வு பெறுவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம். சனிக்கிழமைகளில், டென்மார்க்கில் நான் வசிக்கும் ஹ்விடோவ்ரேயிலிருந்து ரயிலேறி, தமிழர் கூடும் மண்டபங்களுக்குப் போய், படிவங்களோடு உட்கார்ந்திருப்பேன்.

பிரெடெரிசியாவில் ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபது பெண்கள் படிவம் நிரப்பினார்கள். இரத்த உறவில் புற்றுநோய் உண்டா என்ற கேள்விக்கு இருபது பேரும் இல்லை என்றே எழுதியிருந்தார்கள். ஒருவரிடம் அவருடைய அக்கா எதனால் இறந்தார் என்று கேட்டேன். "வருத்தம் வந்து" என்றார். என்ன வருத்தம், எந்த நோய் என்றேன். "சும்மா வருத்தம்தான்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு விளங்கியது, விளங்கியதால்தான் கோபமும் வந்தது.

எழுந்து நின்று ஒலிவாங்கியை வாங்கினேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறியள். பிள்ளைக்குக் கலியாணம் நடக்கோணும் எண்டு பிள்ளையையே சாகக் குடுக்கப் போறியளோ?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "ஏன் பிள்ளை, உங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் இல்லையோ?" என்றார்.

"இல்லை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அதோடு நிற்காமல் எங்கள் குடும்ப வரைபடத்தையே திரையில் போட்டுக் காட்டினேன். அதை நான் வகுப்புகளிலும் காட்டுவதுண்டு. அம்மா ஒரு வெள்ளை வட்டம். அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, கோடு விழுந்த வெள்ளை வட்டம், பக்கத்தில் 'போர்' என்று ஒரு சொல். ஊரில் முப்பத்தெட்டு வயதில் ஷெல் விழுந்து இறந்தவர். போரில் இளவயதில் இறந்தவர்களின் வட்டம் நமக்கு எந்தத் தகவலும் தராது, அவர்கள் நோய் வரக்கூடிய வயதுவரை வாழவில்லை என்று விளக்கினேன். பக்கத்து ஊரான வைலேயிலிருந்து எனக்குத் துணையாக வந்திருந்த அம்மா அப்போது வரிசை வரிசையாகத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று வைலேயில் அம்மாவின் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அக்கா ஷெல் விழுந்து சாகேல்லை."

முதலில் எனக்கு ஓடவில்லை. அம்மா தொடர்ந்து சொன்னார். மார்பில் கட்டி வந்து, அது உடைந்து புண்ணாகி, பாதைகள் மூடிக் கிடந்த காலத்தில் மருந்தும் இல்லாமல் எட்டு மாதம் கிடந்து இறந்தாராம். கடிதம் வந்தபோது நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம், எனக்குப் பதினொரு வயது. அம்மா கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஷெல் விழுந்தது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் ஷெல்லில் இறந்தவரைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

நான் கத்தினேன். "நான் இதைத்தானேயம்மா படிச்சனான்! இருபது வருசமா இதைத்தானே செய்யிறன்!"

"அதுதான் சொல்லேலாமல் போச்சு" என்றார் அம்மா. "முதல் நீங்கள் ரெண்டு குமருகள். கட்டிக் குடுத்தாப் பிறகு சொல்லுவம் எண்டிருந்தன். அதுக்குள்ளை நீ இந்தப் படிப்புக்குப் போயிட்டாய். மேடையிலை ஏறி மறைக்கிறவையைத் திட்டுறாய். எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் வீட்டு வரைபடமே பொய். அதை எத்தனை வகுப்புகளில் காட்டியிருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை அரை மணி நேரத்தில் பயம் தள்ளிவிட்டது. பெரியம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்திருந்தால் அம்மாவுக்கு இருக்கப் பாதிக்குப் பாதி. அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் தங்கைக்கும் அதே பாதிக்குப் பாதி. எழுபது தாண்டியும் நோய் வராமலே அதைக் கடத்திவிடும் பெண்கள் உண்டு என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். தங்கைக்கு நாற்பத்தொரு வயது. இந்த நாட்டில் ஐம்பது வயதில்தான் மார்பகப் படம் எடுக்க எல்லோரையும் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் இருந்தது என்று தெரிந்திருந்தால் அவளை எப்போதோ கூப்பிட்டிருப்பார்கள். ரயிலில் திரும்பி வரும்போது அதே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன்.

சொந்தக்காரரின் இரத்தத்தை நான் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. அம்மாவை வேறு மருத்துவமனைக்கு அனுப்பினேன், மொழிபெயர்க்க நானும் போனேன். அங்கிருந்த மரபணு ஆலோசகர் வரைபடம் கீறிக்கொண்டே, பெரியம்மாவைத் தவிர வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். அதை நான் டேனிஷில் சொன்னேன். பெரியம்மாவின் வட்டத்தை அவர் கறுப்பாக நிரப்பினார். நான் ஆயிரம் வட்டங்களை அப்படி நிரப்பியிருக்கிறேன், அன்றைக்கு என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அம்மாவுக்கு இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத, புத்தகங்களில் வருகிற மாற்றம். பிறகு நானும் தங்கையும் ஒரே வாரத்தில் இரத்தம் கொடுத்தோம். காத்திருந்த வாரங்களில் நான் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. குளிக்கும்போது விரல்கள் தாமாகவே அக்குளுக்குப் போய்த் தடவின. மரபணுவைப் படிக்கும் இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பட்டியலைப் பார்க்கும்போதும் இது யாரோ ஒருத்தியின் தங்கை என்று தோன்றியது, அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை. தங்கையோ சாதாரணமாக இருந்தாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. இரண்டு வீடுகளுக்கு நடுவே காரிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, சாப்பிட்டியளோ?" என்று என்னைத்தான் விசாரிப்பாள்.

எனக்கு முதலில் சொன்னார்கள். எனக்கு இல்லை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை, கதவைச் சாத்திவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான் அழுதேன். தங்கையின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் அவள் கூப்பிட்டாள். "அக்கா, எனக்கு இருக்காம். படம் எடுக்க அடுத்த கிழமை வரச்சொன்னவை. எடுத்துப் பாத்திட்டு, சத்திரசிகிச்சையைப் பற்றிக் கதைப்பினமாம். அம்மாவுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. தன்னாலைதான் எண்டு அழுதே செத்துப்போவா."

மறைக்கிறவர்களைத் திட்டியே பெயர் வாங்கியவள் நான். "ஓம், சொல்லமாட்டன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, எனக்குப் பிடித்தது ஒன்று, அவளுக்குப் பிடித்தது ஒன்று. சோறு போட்டுக்கொண்டே, "முடிவு வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"வந்திட்டுதம்மா. ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை" என்றேன். ரயிலில் இரண்டரை மணி நேரம் பழகிக்கொண்டு வந்த வசனம், குரல் தடுமாறவில்லை. தங்கையும் சிரித்தபடி கறியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பொய்யைக் காப்பாற்றியவருக்கு எங்கள் பொய் எம்மாத்திரம்?

"ஆருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் தங்கை, "எனக்குத்தானம்மா" என்றாள்.

அம்மா அழவில்லை. அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய தலையைத் தடவினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பேனையை எடு பிள்ளை. என்ரை அக்கா ஒராளுக்கு மட்டுமில்லை அந்த வருத்தம்."