மருவும் மாலையும்

போன செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரில் என் தோல் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் போயிடுச்சு. இனிமே நீங்களும் வீட்டுக்காரரும் பழையபடி இருக்கலாம்மா."

பழையபடியா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விஷயம். எனக்கு மரு வந்தது. கழுத்தில் வந்திருந்தால் அப்போதே இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன். வந்த இடம் பிறப்புறுப்பு... எழுதலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்கு வந்ததை நீ எழுது. என்னை மட்டும் கொஞ்சம் அழகா எழுது" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வேர்க்குரு என்று நினைத்தேன். அடைமழையில் ஏது வேர்க்குரு? கூகுளில் தேடினேன் - தேடியிருக்கவே கூடாது. 

டாக்டர் வீட்டு போர்டில் 'தோல் மற்றும் பால்வினை நோய்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தத் தைரியமில்லை. பக்கத்து மிக்ஸி ரிப்பேர் கடை வாசலில் நிறுத்தினேன். போகும்போதெல்லாம் கடைக்காரர், "மிக்ஸி எங்கம்மா?" என்பார்.

டாக்டர் பதறவில்லை. "இது வைரஸ்மா. வருஷக்கணக்கா உடம்புல சும்மா கிடந்துட்டுத் திடீர்னு தலைகாட்டும். எப்ப வந்துச்சு, யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. உறைய வச்சு எடுத்துடலாம். திரும்ப வந்தா திரும்ப எடுப்போம். கர்ப்பப்பை வாய் டெஸ்ட் ஒண்ணும் பண்ணிக்கங்க. ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் சேர வேணாம். அவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

சிகிச்சையைத் தாங்கிவிடலாம். சுரீர் என்று குளிரும், பிறகு எரியும், அவ்வளவுதான். ஆனால் அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது திருவையாறு பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வருடங்களில் நான் இங்கே தனியாக இருந்தேன். யாருக்கு யார் மேல் சந்தேகம் வரும்? கடுகளவு மரு ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடுமோ? உண்மையிலேயே பயந்தேன்.

ஆகவே நம் ஊர்ப் பெண்ணுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை எனக்குத் தோன்றியது. அம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டேன். மஞ்சள் புடவை, தனிப் பாய். எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள் - வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாதே! இதைவிடப் பாதுகாப்பான லீவ் லெட்டர் உண்டா?

ஆனால் தெருப் பெண்கள் காலில் விழ ஆரம்பித்தார்கள். குழந்தைக்குத் திருநீறு பூசச் சொன்னார்கள். டாக்டரிடம் போனால் நர்ஸ் என் மாலையைப் பார்த்துவிட்டுப் பக்தியோடு சொன்னார்: "சாமி, கொஞ்சம் காலை அகட்டி வச்சுக்கங்க சாமி."

கார்த்திகை ஒன்றாம் தேதி வந்தது. காலையில் வீட்டுக்காரர் கறுப்பு வேட்டியில் வந்து நிற்கிறார். கழுத்தில் ஐயப்பன் மாலை! இதுவரை ஒரு வருடம்கூடப் போட்டவர் இல்லை.

"என்ன திடீர்னு?" என்றேன்.

"வேண்டுதல்" என்றார். "வெளிய சொல்லக்கூடாதுல்ல?"

என் தந்திரத்தை இவரும் கையில் எடுத்திருக்கிறாரா? இவருக்கும் ஏதாவது...? வீட்டில் இரண்டு சாமிகள், இரண்டு பாய்கள். "சாமி, காபி." "வச்சுட்டுப் போங்க சாமி." எத்தனை நாள் இப்படி ஓட்டுவது?

ஒரு மத்தியானம் வயலுக்கே போய்விட்டேன். முதல் நாள் மழையில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. மண்வெட்டியோடு நின்று தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மரு, டாக்டர், மிக்ஸி கடை, பொய் விரதம், எல்லாம். யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார், அதற்கு டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வலிச்சுதா?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மனப்பாடம் செய்த பதில் எதற்கும் வேலையில்லாமல் போயிற்று.

பிறகு மெதுவாக, "என்கிட்டேருந்தே வந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைத் தோண்டி என்ன ஆகப்போகுது? நானும் வந்து காட்டிக்கிறேன்" என்றார்.

"அப்ப நீங்க எதுக்கு மாலை போட்டீங்க?"

"நீ எதையோ மனசுல வச்சுக்கிட்டுத் தனியா விரதம் இருந்த. என்னன்னு சொல்லலை. எதுவா இருந்தாலும் உனக்கு நல்லபடியா முடியணும்னு நானும் போட்டுக்கிட்டேன்."

படுக்கையை விட்டு விலகி இருந்தால்தான் உறவைக் காப்பாற்ற முடியும் என்று நினைத்திருந்தேன். காப்பாற்றியது, மனசு விட்டுப் பேசிய அந்தப் பத்து நிமிடம். உங்கள் வீட்டில் என்ன மரு ஒளிந்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. சொல்லிப் பாருங்கள்.

அவரையும் டாக்டர் பார்த்துவிட்டார். ஒன்றுமில்லை. என் டெஸ்டும் நார்மல். என் மாலையை அம்மன் கோயிலில் கழற்றியாயிற்று. போன செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டியை டாக்டர் வாசலிலேயே நிறுத்தினேன். மிக்ஸி கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே!

வெளியே காத்திருந்த வீட்டுக்காரரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. உடனே கை கழுத்து மாலைக்குப் போனது.

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஐயப்பன்தான் தை பிறக்கட்டும் என்கிறார்!